மேற்கோளும் மதிப்பெண்ணும்

நூல் செய்வோர் தாம் கூறும் பொருளுக்கு அரணாக முன்னோர் மொழியை எடுத்துக்காட்டுதல் தொன்றுதொட்டு வரும் மரபாகும். தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்த இலக்கண ஆசிரியர்தம் கருத்தை உரைக்குமிடங்களில், 'என்ப' என்னும் ஒரு சொல்லால் அவர்க்குத் தாம் பட்ட கடனைத் தீர்த்து மேலே செல்கின்றார். பின்வந்த உரையாசிரியர்களோ பழம் பாடல்களையே எடுத்துக்காட்டி விளக்கினர். தகடூர் யாத்திரை முதலிய பழநூல்கள் முழுமையாகக் கிடைத்தில. பிறர் எடுத்துக்காட்டியும் தொகுத்தும் வைத்த செய்யுட்களாலேயே அவற்றின் சில பகுதிகளேனும் எஞ்சி நிற்கின்றன. ஆதலின் மேற்கோள் என்பது சான்று மட்டுமன்று; நன்றியறிதலுமாம்; ஒரோவழி நூலின் உயிரைக் காப்பதுமாம்.

இக்கால அறிவியலாரும் இம்மரபினைப் போற்றி வருகின்றனர். மின்பொறியியலில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவோர், தமக்கு வழிகாட்டிய முன்னைக் கட்டுரைகளின் பெயர், ஆசிரியர், வெளிவந்த இதழ், ஆண்டு ஆகியவற்றைக் கட்டுரையின் இறுதியில் வரிசையாகக் குறிப்பர். இவ்வாறு குறிக்கப்பெறுவதே அக்கட்டுரைக்கு ஒரு மேற்கோள் கிடைத்தது எனப்படும். உலகெங்கும் ஆண்டுதோறும் வெளிவரும் கட்டுரைகள் பல இலட்சம். அவற்றின் இறுதிப் பட்டியல்களையெல்லாம் ஒருங்கே சேர்த்துப் புரட்டிப் பார்த்தால், எக்கட்டுரை எத்தனை பேரால் எடுத்தாளப்பட்டது என்பது புலனாகும் அன்றோ? அவ்வெண்ணிக்கையைக் கொண்டே, 'இவர் தலைசிறந்த ஆராய்ச்சியாளர், இவர் அடுத்தவர்' என வரிசைப்படுத்தும் வழக்கம் இன்று பரவியுள்ளது. பேராசிரியர் பதவியும், ஆராய்ச்சிக்குரிய பொருளுதவியும், இளைஞர் பலரின் வருங்காலமும் அவ்வரிசையைச் சார்ந்து நிற்கும் நிலை ஏற்பட்டுவிட்டது. ஆகவே அவ்வெண் எவ்வாறு பிறந்தது, எதனை அளக்கின்றது, எதனை அளக்கமாட்டாது என்பனவற்றை அறிதல் இன்றியமையாதது.

இதன் தொடக்கம் அறிவியலில் இல்லை, நீதிமன்றத்தில் உள்ளது. அமெரிக்க நாட்டு இல்லினாய் மாநிலத்தில், 1873-ஆம் ஆண்டில், பிராங்க் ஷெப்பர்டு என்பவர் வழக்கறிஞர்களுக்கெனப் புதுவகை அடைவு ஒன்றைத் தோற்றுவித்தார். ஒரு வழக்கில் அளிக்கப்பட்ட தீர்ப்பைப் பின்னைய வழக்குகளில் எந்தெந்த நீதிபதிகள் எடுத்தாண்டனர், யார் அதனை ஏற்றனர், யார் மறுத்தனர் என்பதை அது காட்டியது. முதலில் பசை தடவிய சிறு தாள்களாகவே இது விற்கப்பட்டது. வழக்கறிஞர்கள் அவற்றைத் தம் தீர்ப்புத் தொகுதிகளின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டனர். வேறொரு தீர்ப்பால் வலுவிழந்துபோன பழந்தீர்ப்பை அறியாது மன்றத்தில் எடுத்துக்கூறி நாணமுறும் நிலை இதனால் நீங்கிற்று.

அறிவியலில் மேற்கோளை எண்ணியவர்களுள் முற்பட்டோர் குரோசு என்னும் பெயருடைய இருவர். 1927-ஆம் ஆண்டில் அவர்கள் முன்னின்ற வினா மிக எளியது: ஒரு சிறு கல்லூரி நூலகம் தன்னிடமுள்ள குறைந்த பொருளைக் கொண்டு எந்த வேதியியல் இதழ்களை வாங்குவது? அவர்கள் அமெரிக்க வேதியியற் கழக இதழின் ஓராண்டுத் தொகுதியை எடுத்து, அதில் எந்தெந்த இதழ்கள் எத்தனை முறை சுட்டப்பட்டுள்ளன என்று எண்ணிப் பார்த்தனர். மிகுதியாகச் சுட்டப்பட்டவை வாங்கத்தக்கவை எனக் கொண்டனர். ஆளை அளக்கும் நோக்கம் அவர்களுக்கு இருந்ததில்லை; அலமாரியை நிரப்பும் நோக்கமே இருந்தது.

இவ்விரு வழிகளையும் பெருநெறியாக்கியவர் யூஜின் கார்பீல்டு என்பவர். நியூயார்க்கில் 1925-இல் பிறந்த இவர், 1955-ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்னும் இதழில், அறிவியலுக்கும் ஷெப்பர்டின் அடைவு போன்றதொரு மேற்கோளடைவு வேண்டும் என எழுதினார். ஒரு கட்டுரையில் பிழையிருப்பதைப் பின்னொருவர் எடுத்துக்காட்டியிருந்தும், அதனை அறியாத மூன்றாமவர் அப்பிழையையே மெய்யெனக் கொண்டு ஆராய்ச்சியைத் தொடர்தல் கூடாது என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. பிலடெல்பியா நகரில் நிறுவனமொன்றை அமைத்து அவர் அரும்பாடுபட்டதன் பயனாக, 1961-ஆம் ஆண்டுக்குரிய முதல் அடைவு வெளிவந்தது. 613 இதழ்களில் இருந்த ஏறத்தாழ 14 இலட்சம் மேற்கோள்கள் அதில் இடம்பெற்றன. தேடுவார்க்குத் துணையாகப் பிறந்த அவ்வடைவு, நாளடைவில் தேர்வாளர் கையில் மதிப்பெண் பட்டியலாக மாறிற்று. 2004-ஆம் ஆண்டில் ஸ்கோப்பஸ், கூகுள் ஸ்காலர் என்னும் வேறிரண்டு தொகுப்புகளும் தோன்றவே, எண்ணுதல் கணிப்பொறியில் நொடிப்பொழுதுச் செயலாயிற்று.

மேற்கோளை எண்ணுவதிலும் வகைகள் உண்டு. ஒருவர் எழுதிய கட்டுரைகள் அனைத்தும் பெற்ற மேற்கோள்களைக் கூட்டிச் சொல்லுதல் ஒரு வகை. இதில் ஒரு குறை உண்டு: பலரோடு சேர்ந்து எழுதிய ஒரேயொரு கட்டுரை பெரும்புகழ் பெற்றுவிட்டால், மற்றெதுவும் செய்யாதவரும் மேலே ஏறிவிடுவார். கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டும் கொள்ளுதல் மற்றொரு வகை. அதில் யாரும் படியாத கட்டுரைகளை அடுக்கி வைப்பவர் வென்றுவிடுவார். இவ்விரண்டிற்கும் இடைவழி ஒன்றைக் கலிபோர்னியாவிலுள்ள இயற்பியற் பேராசிரியர் ஹோர்கே ஹிர்ஷ் 2005-ஆம் ஆண்டில் வகுத்தார். அதனை 'எச் எண்' என்பர்.

அதனைக் கணக்கிடும் முறை எளிது. ஒருவருடைய கட்டுரைகளை, மிகுதியான மேற்கோள் பெற்றது முதலாகக் குறைந்தது ஈறாக வரிசைப்படுத்துக. மேலிருந்து வரிசை எண்ணை இட்டு வருக. வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள்களை உடைய கடைசிக் கட்டுரையின் வரிசை எண் எதுவோ, அதுவே அவருடைய எச் எண். ஓர் ஆராய்ச்சியாளரின் ஐந்து கட்டுரைகள் முறையே 40, 18, 9, 4, 1 என மேற்கோள் பெற்றன என்று கொள்வோம். நான்காவது கட்டுரை நான்கு மேற்கோள் பெற்றுள்ளது. ஐந்தாவது ஐந்து பெறவில்லை. எனவே அவர் எண் 4. இன்னொருவரின் ஐந்து கட்டுரைகள் 2000, 3, 2, 1, 0 எனப் பெற்றன என்று கொள்வோம். மூன்றாவது கட்டுரைக்கு மூன்று மேற்கோள் இல்லை. ஆகவே அவர் எண் 2 மட்டுமே. முதல்வர் பெற்ற மேற்கோள் மொத்தம் 72. இரண்டாமவர் பெற்றது 2006. ஆயினும் எச் எண்ணால் வரிசைப்படுத்தினால் முதல்வரே மேலிடம் பெறுவார். இது நேர்மையா என்று கேட்பின், கேட்பவர் எதனைப் புலமை என்று கருதுகின்றார் என்பதைப் பொறுத்தது என்றே விடை கூறவேண்டும். இடையறாத உழைப்பை அவ்வெண் போற்றுகின்றது. ஒரே வீச்சில் உலகை மாற்றும் சிந்தனையைப் போற்ற அது அறியாது.

இரண்டாமவரைப் போன்றோர் கற்பனையில் மட்டும் வாழ்வோர் அல்லர். கிளாடு ஷானன் என்னும் அறிஞர் 1948-ஆம் ஆண்டு ஜூலை, அக்டோபர் இதழ்களில், செய்தித் தொடர்பின் கணிதக் கோட்பாடு பற்றி ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். செய்தியை அளக்கலாம் என்பதையும், இரைச்சல் மிகுந்த கம்பியின் வழியாகவும் ஒரு குறிப்பிட்ட வேக எல்லைக்குட்பட்டுப் பிழையை விரும்பியவாறு குறைத்துச் செய்தியை அனுப்பலாம் என்பதையும் அது மெய்ப்பித்தது. இன்றைய தொலைபேசியும் இணையமும் அவ்வடிப்படையின்மேல் நிற்கின்றன. கூகுள் ஸ்காலர் கணக்கில் அக்கட்டுரை பெற்ற மேற்கோள்கள் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டவை. எனினும் ஷானன் தாம் எழுதியவற்றை வெளியிடுவதில் விரைவு காட்டாதவர். நூற்றுக்கணக்கான கட்டுரைகளைக் குவித்த ஒருவரோடு எச் எண்ணால் அவரை ஒப்பிட்டால், அவர் பின்தள்ளப்படுவார். இவ்வெண் மட்டுமே அளவுகோல் எனக் கொள்வார்க்கு இது நல்லதொரு சோதனை: தன் துறையின் தந்தையையே கீழே இறக்கும் கோலை எவ்வளவு நம்பலாம்?

ஷானனுக்கேனும் கட்டுரை இருந்தது. ஜாக் கில்பி என்பவர் 1958-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், ஒரே துண்டுப் பொருளின்மேல் மின்சுற்று முழுவதையும் அமைத்துக் காட்டினார். இன்று கையடக்கக் கருவிகளிலெல்லாம் உள்ள சில்லுக்கு மூலமாக நின்றவற்றுள் அது ஒன்று. அதற்காக 2000-ஆம் ஆண்டில் இயற்பியல் நோபல் பரிசில் ஒரு பாதி அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால் கில்பி வாழ்நாளெல்லாம் எழுதியவை பெரும்பாலும் காப்புரிமை ஆவணங்கள்; ஆராய்ச்சிக் கட்டுரைகள் மிகச் சிலவே. பொள்ளாச்சியில் 1944-இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், பல அலைவாங்கிகளைக் கொண்டு ஒரே அலைவரிசையில் பன்மடங்கு செய்தி அனுப்பும் முறைக்குத் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து பெற்றதும் காப்புரிமையே. அது 1994-ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. பொறியியலாவது செய்து காட்டும் கலை. செய்து காட்டியதைக் கட்டுரையாக எழுதாதவரை மேற்கோள் வரிசை காண்பதில்லை. மின்பொறியியலாரை வரிசைப்படுத்துவோர் இக்குறையை வேறெத்துறையாரினும் மிகுதியாக உணர்தல் வேண்டும்.

இனி, யார் மின்பொறியியலார் என்னும் வினாவும் எளிதன்று. ருடால்ப் கால்மன் 1960-ஆம் ஆண்டில் வெளியிட்ட வடிகட்டிக் கோட்பாடு, நிலையற்ற அளவுகளிலிருந்து உண்மை நிலையை ஊகித்தறியும் வழியைத் தந்தது. அப்பல்லோ விண்கலங்களைத் திங்களுக்குச் செலுத்தவும் அது பயன்பட்டது. கட்டுப்பாட்டியல் கற்கும் மின்பொறியியல் மாணவர் அதனைப் படியாதிரார். ஆனால் அக்கட்டுரை வெளிவந்ததோ எந்திரப் பொறியாளர் கழகத்தின் இதழில்! இதழின் பெயரைக்கொண்டு துறையைப் பிரிக்கும் பட்டியல், கால்மனின் அக்கட்டுரையை எந்திரவியலார் பக்கம் சேர்த்துவிடும்.

இவ்விடத்தில், ஆண்டுதோறும் நாளிதழ்களில் பேசப்படும் ஒரு பட்டியலைக் குறிப்பிடுதல் தகும். ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் முதலியோர் 2019-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வருவது அது. ஸ்கோப்பஸ் தொகுப்பிலிருந்து மொத்த மேற்கோள், எச் எண், உடனாசிரியர் பலராயின் அதற்கேற்பக் குறைத்துக் கொண்ட எண், ஒருவரே எழுதிய கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள், முதலாசிரியராகவோ இறுதியாசிரியராகவோ நின்ற கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள் என ஆறு அளவுகளை ஒன்றாக்கி அவர்கள் வரிசை காண்கின்றனர். தம்மைத் தாமே சுட்டிய மேற்கோள்களைச் சேர்த்தும் நீக்கியும் இருவகையாகக் காட்டுகின்றனர். வாழ்நாட் பணிக்கு ஒரு வரிசையும், ஓராண்டில் பெற்ற மேற்கோளுக்கு ஒரு வரிசையும் தனித்தனியே உள்ளன. இதில் இடம்பெற்றோரைப் பாராட்டும் கல்லூரிகள் எவ்வரிசையில் இடம்பெற்றார் என்பதைச் சொல்லாது விடுவதும் உண்டு. மேலும் அப்பட்டியலில் மின் மற்றும் மின்னணுப் பொறியியல் ஓர் உட்பிரிவு, தொலைத்தொடர்பு வேறோர் உட்பிரிவு, ஆற்றல் மற்றொன்று, செயற்கை நுண்ணறிவும் பட ஆய்வும் இன்னொன்று. ஒரே மின்பொறியியல் துறையில் அடுத்தடுத்த அறைகளில் பணிபுரியும் நால்வர் நான்கு உட்பிரிவுகளில் வரிசை பெறலாம்.

அவ்வாறு பிரிப்பதற்கும் காரணம் உண்டு. கூட்டம் மிகுந்த துறையில் மேற்கோளும் மிகும். உயரழுத்த மின்கம்பிகளின் காப்புப்பொருள் பற்றி ஆராய்வோர் தொகை சிறிது. கணிப்பொறிக்குக் கற்பிக்கும் முறைகளை ஆராய்வோர் தொகை மிகப் பெரிது. முன்னவர் பெறும் 50 மேற்கோள் பின்னவர் பெறும் 500-க்குத் தாழ்ந்ததென்று கூற எந்த நியாயமும் இல்லை. சிற்றூர்ச் சந்தையையும் நகரத்துக் கடைத்தெருவையும் கூடும் தலைகளை எண்ணி ஒப்பிடலாமோ? எனவேதான் நேரிய ஆய்வாளர், ஒருவர் பெற்ற மேற்கோளை அவர் துறையில் அவ்வாண்டுக் கட்டுரை ஒன்று பொதுவாகப் பெறும் மேற்கோளால் வகுத்துப் பார்ப்பர்.

பெயராலும் இடர் உண்டு. பெயரின் இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு அடைவுகள் அமைக்கப்பட்டன. வாங், ஜாங், லி என்னும் குடும்பப் பெயர்களைச் சீன நாட்டில் கோடிக்கணக்கானோர் தாங்குகின்றனர். தமிழர்க்கோ குடும்பப் பெயரே இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. அதனை விரித்து எழுதுங்கால் தந்தையார் பெயர் இறுதியில் நின்றுவிட்டால், மகள் எழுதிய கட்டுரைக்குரிய மேற்கோள் தந்தையின் பெயருக்குக் கீழே போய்ச் சேரும்! இக்குழப்பம் நீங்க, ஒவ்வோர் ஆராய்ச்சியாளருக்கும் 16 இடங்களைக் கொண்ட தனி அடையாள எண் வழங்கும் முறை 2012-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

இவையெல்லாம் அறியாமையால் நேரும் பிழைகள். அறிந்தே செய்யும் பிழைகள் இவற்றினும் கொடியவை. எண்ணுக்குப் பரிசுண்டு என்று தெரிந்த அளவிலே, எண்ணை வளர்ப்பதற்கே எழுதுவோர் தோன்றினர். ஒரு கட்டுரையாக எழுதத்தக்கதை மூன்றாகக் கூறுபோடுவோரும், எழுதுவனவற்றிலெல்லாம் தம் பழைய கட்டுரைகளையே சுட்டுவோரும், 'நீ என்னைச் சுட்டு; நான் உன்னைச் சுட்டுவேன்' என உடன்பாடு செய்துகொள்வோரும் உளர். கட்டுரையை மதிப்பிடும் பொறுப்பேற்றவர், தம் கட்டுரைகளைச் சேர்த்தாலன்றி இசைவு தாரேன் என மறைமுகமாக வற்புறுத்துதலும் நிகழ்ந்துள்ளது. தாமும் தம் உடனாசிரியரும் சுட்டிய மேற்கோள்களே பாதிக்குமேல் அமையப்பெற்றோர் சிலர் பெருமேற்கோள் பெற்றோர் பட்டியலில் இருந்ததை 2019-ஆம் ஆண்டு ஆய்வு வெளிப்படுத்தியது. முன்னோர்க்குச் செலுத்தும் நன்றியாய் இருந்த மேற்கோள், கைம்மாறாகக் கொடுத்து வாங்கும் சரக்காகிவிட்டது.

இதன் இழிவைப் பிரான்சு நாட்டுக் கிரனோபிள் நகரத்துக் கணிப்பொறி அறிஞர் சிரில் லாபே 2010-ஆம் ஆண்டில் நகைச்சுவையோடு காட்டினார். சொற்களைப் பொருளின்றிக் கோத்துக் கட்டுரைபோல் தோன்றச் செய்யும் கணிப்பொறி நிரல் ஒன்று முன்னரே இருந்தது. அவர் அதனைக் கொண்டு நூற்றளவிலான போலிக் கட்டுரைகளை ஆக்கி, ஒவ்வொன்றும் மற்றவற்றைச் சுட்டுமாறு அமைத்து, 'ஐக் ஆண்ட்கேர்' என்னும் இல்லாத ஒருவரை ஆசிரியராக்கி இணையத்தில் இட்டார். கூகுள் ஸ்காலர் அவற்றை எண்ணிற்று. பிறவாத அப்பேரறிஞர் பெற்ற எச் எண் 94! ஐன்ஸ்டைனையும் அவர் பின்தள்ளினார். அப்பெயரை விரைந்து ஒலித்தால் 'எனக்கு அக்கறையில்லை' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர்போல் கேட்கும் என்பது, எண்ணியவர் ஒருவரும் கவனியாத செய்தி.

எச் எண்ணைக் கண்ட ஹிர்ஷே 2020-ஆம் ஆண்டில், அது தாம் எண்ணாத தீய விளைவுகளையும் தரக்கூடும் என எழுதினார். பலரும் ஏற்றுக்கொண்ட கருத்துக்கு மாறாக எழுதுவோரின் கட்டுரைகள் எடுத்தாளப்படா. அதனால் அவர் எண் வளராது. எண் வளராதவர்க்கு ஆதரவும் கிடையாது. அச்சமுற்ற இளைஞர் பெருவழியிலேயே நடப்பர். மின்பொறியாளரின் உலகக் கழகமாகிய ஐ.இ.இ.இ., 2013-ஆம் ஆண்டில் இதுபற்றித் தன் நிலையை அறிவித்தது. ஒரேயொரு எண்ணைக் கொண்டு யாரையும் அளத்தலாகாது. இதழுக்குரிய அளவை அதில் எழுதிய ஆளுக்கு ஏற்றலாகாது. துறையறிந்தோர் கட்டுரையைப் படித்துக் கூறும் மதிப்பீடே தலைமையானது. எண்கள் அதற்குத் துணையாகலாம் என்பது அதன் சாரம். படித்துப் பார்த்தல் நேரம் பிடிக்கும் செயல். எண்ணைப் பார்த்தல் எளிது. தேர்வுக்குழுவினர் பலர் எளியதையே நாடுகின்றனர் என்பதில் வியப்பில்லை. ஆனால் அதற்கு விலை கொடுப்பவர் தேர்வுக்குழுவினர் அல்லர்.

காலமும் எண்ணோடு விளையாடும். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த ராபர்ட் காலகர், 1960-இல் ஓர் ஆய்வேடு அளித்து, அதன் சாரத்தை 1962-ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். அனுப்பும் செய்தியோடு சில சரிபார்ப்பு இலக்கங்களைச் சேர்த்து, வழியில் நேர்ந்த பிழைகளைப் பெறுவோரே கண்டு திருத்திக்கொள்ளும் முறை அது. ஒவ்வொரு சரிபார்ப்பும் மிகச் சில இலக்கங்களையே தொடுமாறு அமைந்தமை அதன் நுட்பம். அம்முறை சிறந்ததே, ஆயினும் அதனை நிறைவேற்றும் ஆற்றல் அக்காலக் கணிப்பொறிகளுக்கு இல்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதனை எடுத்தாண்டோர் மிகச் சிலர். 1990-களின் நடுவில் டேவிட் மக்கே, ராட்போர்டு நீல் என்னும் இருவர் அதனை மீண்டும் கண்டெடுத்து, ஷானன் வகுத்த எல்லையை அது நெருங்கிச் செல்வதைக் காட்டினர். அதன்பின் மேற்கோள்கள் ஆயிரக்கணக்கிற் குவிந்தன. ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிகளில் தரவுகளைக் காப்பது அம்முறையே. ஜப்பான் பரிசு காலகருக்கு அறிவிக்கப்பட்டது 2020-ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு அகவை 88. அக்கட்டுரை வெளிவந்து 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.